சூளை ஆறும் முன்

த பேசின் என்ற ஊரில், மலையடிவாரத்தில், ஒரு வீட்டின் பின்கொட்டகையில் நிற்கிறேன். என்னைக் கூட்டிவந்த சிவநேசன் இங்கே களிமண் பிசைகிறான். இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவன், இன்னும் தற்காலிக விசாதான். அவனுடைய முதலாளி பிரிட்டா, சுவீடன்காரர், மின்சூளையின் கதவைத் தொடுகிறார், கையை இழுத்துக்கொள்கிறார், முற்றத்துக்குப் போய் உடனே திரும்புகிறார்.

"ஏன் இவ்வளவு பதற்றம்?" என்கிறேன் சிவநேசனிடம்.

"தலை நரைக்கிற வரைக்கும் சுவீடன்ல ஒரு ஃபாக்டரிக்குக் கோப்பை டிசைன் பண்ணினவ, அண்ணை. எல்லாத்திலயும் கம்பனிப் பேர்தான். ஃபாக்டரியை மூடினாப் பிறகு இங்க மகளிட்ட வந்திட்டா. தன்ர பேர் போட்டுச் சுடுறது இதுதான் முதல்."

பிரிட்டாவின் கை கதவுப்பிடிக்குப் போகிறது. "இன்னும் சூடு, காத்துப் பட்டா எல்லாம் வெடிச்சிடும்" என்று சிவநேசன் ஆங்கிலத்தில் தடுக்கிறான்.

"தெரியும்" என்றபடியே திறந்துவிடுகிறார்.

அனல் முகத்தில் அடிக்கிறது. உள்ளே கோப்பைகள் ஒவ்வொன்றாக 'டிங்' என்று விரிசல் விடும் சத்தம். பெரிய கிண்ணமொன்று இரண்டாகப் பிளக்கிறது.

தடித்த கையுறையோடு ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்க்கிறார். அடியில் அவர் பெயர். அதன் குறுக்கே விரிசல்.

"ஃபாக்டரியில் உடைந்ததுகூட என்னுடையதில்லை" என்கிறார். "இது என்னுடையது. சிவா, மண்ணை எடு."

சூளைக் கதவு திறந்தே கிடக்கிறது. அவர் சக்கரத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்.