நாலு ஃபிளாஸ்க்குக்கு நான் வைத்த விருந்து

சீரம் கொஞ்சம் கூடப்போனால் செல்கள் சந்தோஷப்படும் என்று நம்பியவன் நான். சீரம் என்பது கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுக்கிற தெளிந்த நீர். லேபில் செல் வளர்க்கிறவர்களுக்கு அதுதான் சத்துணவு. அதில் ஒரு சொட்டைக் கொட்டவும் எனக்கு மனசு வராது. வீட்டில் மீன்குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டித் துடைத்துவிட்டுத்தான் கழுவப் போடுகிற ஜாதி.

இத்தனைக்கும் இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் தண்ணீர் சோதித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் கால்சியம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கூடிப்போனால் நுரை வராது, பாய்லரில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். அதற்கு மேல் கால்சியத்துக்கு ஒரு வாழ்க்கை இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. நாற்பத்தேழு வயதில், மனிதத் தோல் செல்களை வளர்க்கிற ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன்.

அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண் வீராம்பட்டினத்துக்காரி. ஊரில் ஆடி வெள்ளித் தேர் என்றால் அவளை யாராலும் லேபில் பிடித்து வைக்க முடியாது. முந்தின நாள் மத்தியானமே பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், நிறைஞ்சிருக்கற ஃபிளாஸ்க்கை எல்லாம் பிரிச்சு விட்டுடுங்க. என்ன பண்ணணும்னு சுவத்துல ஒட்டியிருக்கேன்."

"நான் பிரிக்காத செல்லா? நீ போய்த் தேர் இழும்மா."

"கண்ணாடி போட்டுட்டுப் படிங்க சார்."

"மனப்பாடமா தெரியும்."

"அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தச் செல்கள் எல்லாமே ஒரே மனிதரின் தோலிலிருந்து வந்தவை. ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டு, அவரிடம் சம்மதம் கேட்டு வாங்கியது. உறைய வைத்திருந்த கடைசிக் குப்பியையும் எடுத்து உருக்கியாகிவிட்டது. அவளுடைய ஆராய்ச்சியின் கடைசிப் பகுதி முழுக்க இந்தச் செல்களில்தான் நடந்தாக வேண்டும். போனால் போனதுதான்.

வேலை சின்னதுதான். ஃபிளாஸ்க் என்பது செல் வளர்க்கிற தட்டையான பிளாஸ்டிக் டப்பா. அதன் அடியில் ஒட்டி வளர்ந்திருக்கிற செல்களை டிரிப்சின் என்ற நொதியை விட்டுப் பெயர்க்க வேண்டும். அதை அப்படியே விட்டால் செல்லையே தின்றுவிடும் என்பதால், சீரம் கலந்த திரவத்தை ஊற்றி அதன் வாயை அடைக்க வேண்டும். பிறகு புதுத் திரவத்தில் கலந்து புது ஃபிளாஸ்க்கில் விட வேண்டும். மற்ற செல்களுக்கு வருஷக்கணக்காக அப்படித்தான் செய்து வருகிறேன். இந்தச் செல்களுக்கு மட்டும், நடுவில் சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் போட்டு வேகமாகச் சுற்றி, செல்களை அடியில் படியவிட்டு, சீரத்தை வடித்துக் கொட்டு என்று சுவரில் ஒரு வரி இருந்தது. வயிற்றுக்குப் போகிற சாப்பாட்டைக் கொட்டுவானேன் என்று அந்த வரியைத் தாண்டினேன். புண்ணியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். வழக்கமாக அந்தச் செல்கள் வெயிலில் இடம் விட்டுக் காயவைத்த அப்பளம் மாதிரி தனித்தனியாகக் கிடக்கும். இப்போது அப்பளத்தைக் காணோம். ஒன்றோடொன்று ஒட்டி, எல்லை கலங்கி, தட்டையாக ஒரு பாய்.

செத்துவிட்டன என்றே முடிவுகட்டினேன். ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. கரண்ட் போய் இன்குபேட்டர் நின்றுவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன், ஜெனரேட்டர் இருக்கிறது. இன்குபேட்டரையே பழுதாக்கிவிடலாமா என்றும் யோசித்தேன். அதற்கு எனக்குத் திறமை போதாது. ராஜினாமாக் கடிதத்தில் மூன்று வரி எழுதி, அதில் இரண்டு பிழை திருத்தினேன். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் படித்தேன். சீரத்தைக் கொட்டச் சொல்லும் வரிக்கடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

போன் செய்தேன். அந்தப் பக்கம் மேளம்.

"ஏம்மா, செத்துப்போச்சும்மா."

"யாரு சார்?"

"உன் செல்லு."

மேளம் கொஞ்சம் தூரமானது. எங்கேயோ ஒதுங்கியிருக்கிறாள். "மிதக்குதா?"

"இல்ல. அடியிலதான் இருக்கு. பாய் பின்னின மாதிரி ஒட்டிக்கினு."

"சீரத்தை வடிச்சீங்களா?"

"சுவத்துல எழுதினதைப் பாத்தேம்மா."

"சார்."

"சத்துதானேன்னு விட்டுட்டேம்மா."

"சீரத்துல எவ்ளோ கால்சியம் இருக்கும்னு உங்களுக்கா நான் சொல்லணும்? பதினெட்டு வருஷம் என்னா சார் பண்ணீங்க?"

"சோப்பு நுரைய பாத்துக்கினு இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் திட்டவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "எத்தினி ஃபிளாஸ்க்கு?"

"நாலு. ரெண்டு நிறையாம இருந்துச்சு, அதைத் தொடல."

"அந்த ரெண்டாவது மிஞ்சிச்சே," என்றாள். பிறகு சொன்னாள். கால்சியம் குறைவாக இருக்கிற வரைக்கும் தோல் செல் குழந்தையாகவே இருந்து பெருகிக்கொண்டே இருக்கும். கால்சியம் ஏறினால் பக்கத்துச் செல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பெருகுவதை நிறுத்தும், நிஜத் தோலாக மாறத் தொடங்கும். நம் உடம்பிலும் அப்படித்தான். தோலின் அடியில் கால்சியம் குறைவு, மேலே வர வர அதிகம். "சாகல சார். வயசுக்கு வந்துடுச்சு. நீலச் சாயம் போட்டுப் பாருங்க, செத்ததுதான் நீலமாவும்."

ஒரு ஃபிளாஸ்க்கிலிருந்து கொஞ்சம் பெயர்த்துச் சாயம் விட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து நீலம். மீதியெல்லாம் பளபளவென்று உயிரோடு.

அதற்குப் பிறகு என்னை நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை. மணிக்கொரு படம் எடுத்தேன். சாயங்காலத்துக்குள் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி அடுக்குக் கட்டத் தொடங்கியிருந்தன. யாரும் சொல்லிக் கொடுக்காமல், பிளாஸ்டிக் டப்பாவுக்குள், தோல். என் புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாய்லரில் வெறும் பொருக்காகப் படிந்த சாமான், இங்கே ஆளுக்காள் கைகோக்க வைக்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். "கறை மாதிரி இருக்குது சார்," என்றார். அவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. நான் கொண்டாடிக்கொண்டிருப்பது அவளுடைய நஷ்டத்தை. அவளுக்கு வேண்டியது பெருகுகிற செல். நான் நாலு ஃபிளாஸ்க்கைப் பெரியமனுஷி ஆக்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நெற்றியில் குங்குமத்தோடு வந்தாள். என் படங்களை வரிசையாகப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்குது," என்றாள். "இப்ப வேணாம்னுதான் நான் சொன்னது."

நாலு ஃபிளாஸ்க்கிலும் கால்சியம் குறைந்த திரவத்தை மாற்றி ஊற்றினாள். இரண்டு நாளில் சில செல்கள் பிடி விட்டுத் தனியாக வந்தன. அவற்றில் ஒரு சில மறுபடி பெருகின. பெரும்பாலானவை பெருகவில்லை. நான் தொடாத இரண்டு ஃபிளாஸ்க்கிலிருந்து அவள் திரும்ப ஆரம்பித்தாள். செல்கள் போதுமான அளவுக்கு வந்தன. வேலை மூன்று வாரம் தள்ளிப்போனது.