மேஸ்திரி கண்ணுக்கு வயது

விதிப்படி, ஆதரவற்ற முதியவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. மரக்காணம் உப்பளத்தருகே எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா? உப்புக்கூடை சுமக்கும் முனியம்மாவுக்கு மனு எழுதுகிறேன். நரை தெரியாமல் தலைக்குச் சாயம் பூசியிருக்கிறாள்.

"மெதுவா பேசுங்கய்யா. மேஸ்திரி காதுல வுழுந்தா, 'ஓல்டு கேசு, நாளைலேர்ந்து வராத'ன்னுடுவான்."

"ஆபீசுல ஓல்டுன்னு சொன்னாதானம்மா பணம் தருவாங்க?"

"அது வர்ற வரைக்கும் சோறு நீங்க போடுவீங்களா?"

சிரித்தபடி கைநாட்டு வைத்துவிட்டு, கூடையோடு ஓடுகிறாள். பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக என் முகவரியையே எழுதுகிறேன்.

'மனுதாரர் உப்பு சுமப்பதால் முதியவராகக் கருத இயலாது' என்ற பதில், உப்பளம் மழையில் மூழ்கி வேலை நின்றுபோன ஐப்பசியில், தீபாவளிக்கு மறுநாள் வந்தது.