மாமா காலிசெய்யாத பேஸ்மென்ற்

என் அம்மாவின் தம்பி மெய்யியல் படித்தது எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் ஆறாத துக்கமாக இருந்தது. கணக்கியல் படிக்கவென்று பல்கலைக்கழகம் போனவர் இரண்டாம் வருடத்திலேயே கட்சி மாறிவிட்டார். தம்பி என்ன செய்கிறார் என்று யாராவது விசாரித்தால், அவர் யோசிக்கிறார் என்று சொல்லிவிட்டு அப்பா கதையை மாற்றுவார். மாமா யோசித்தது அறத்தைப் பற்றியும் நிறவெறியைப் பற்றியும். கலாநிதிப் பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை கிடைக்காமல், காலையில் ஒரு வளாகம் மாலையில் இன்னொன்று என்று பஸ் ஏறி ஏறிப் படிப்பித்தார். கனடாவில் மல்வேர்ன் என்ற இடத்தில், எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில்தான் குடியிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் தத்துவத்துக்கு நடைமுறைவாதம் என்று பெயர். ஒரு கருத்தை நம்புவதால் நாளைக்கு என்ன மாறும் என்று பார், ஒன்றும் மாறாதென்றால் அதை வைத்துச் சண்டை பிடிக்காதே என்று எனக்கு விளங்கப்படுத்தியிருந்தார். வீட்டுப்பாடம் செய்வதால் நாளைக்கு என்ன மாறும் என்று நான் அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் மாமாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. இரண்டரை மணித்தியாலம் மேற்கே போகவேண்டிய ஊர். அம்மா கோவிலில் அர்ச்சனை செய்வித்தார். அப்பா முதன்முறையாக "பேராசிரியர்" என்ற சொல்லை வாய்நிறையச் சொன்னார். மாமா போகப்போகிறார் என்று நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். பேஸ்மென்றை வாடகைக்கு விட அம்மா விளம்பரம் போட்டதும் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். ஆஸ்பத்திரியில் வேலை, ஒரேயொரு மகள். அம்மா அவரோடு நெடுநேரம் சிரித்துச் சிரித்துக் கதைத்தார். பின்வளவில் மிளகாய் நடலாம் என்றுகூட வாக்குக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மணி அடித்தது. அம்மா திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். வாசலில் நின்றது ஒரு கறுப்பினப் பெண்ணும், பின்னலில் மணி கோத்த ஒரு சிறுமியும். அம்மாவின் முகம் மாறியது. கதவுக்குப் போன கையை எடுத்துக்கொண்டு, "வீடு குடுத்தாச்சு எண்டு போய்ச் சொல்லு" என்று என்னை அனுப்பினார். நான் போய் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு திரைச்சீலையைப் பார்த்தார், நன்றி சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் திரும்பியபோது, புத்தகப் பெட்டியொன்றைத் தூக்கியபடி மாமா படியில் நின்றார்.

அம்மா தானாகவே காரணங்கள் சொல்லத் தொடங்கினார். சனம் என்ன சொல்லும், யார் வந்து போவார்களோ, பெண்பிள்ளை இருக்கிற வீடு. மாமாவுக்கு இதைப் பற்றி ஒரு மண்டபம் நிறைந்த மாணவர்களுக்கு மூன்று மணித்தியாலம் பேசத் தெரியும். ஆனால் அம்மாவுக்குப் புதிதாகச் சொல்லித்தர அதில் ஒன்றும் இருக்கவில்லை. இருவரும் கனடா வந்த புதிதில் இதேபோல் எத்தனையோ வாசல்களில் நின்று திரும்பியவர்கள். மாமா பெட்டியைக் கீழே வைத்தார்.

"அக்கா, குடுத்தாச்சு எண்டு பிள்ளையைக் கொண்டு சொல்லுவிச்சிட்டாய். பிள்ளை பொய் சொன்னதா இருக்கக்கூடாது. பேஸ்மென்றை நானே எடுக்கிறன்."

சொல்லிவிட்டுப் பெட்டியோடு திரும்பக் கீழே இறங்கினார். நான் துள்ளிக் குதித்தேன். என்னை விட்டுப் போக மனம் வராமல்தான் மாமா நின்றுவிட்டார் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னேன்.

அதன்பிறகு மாமா விடியமுன் வெளிக்கிட்டு, பஸ், ரயில், மறுபடி பஸ் என்று போய், நாங்கள் சாப்பிட்டு முடிந்தபிறகு வந்து சேர்ந்தார். விளம்பரத்தில் போட்ட வாடகையைக் குறையாமல் சாமிப் படத்தின் கீழ் வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை. மாமாவோடு அந்தக் கதையை எடுப்பதற்காக அம்மா நண்டுக்கறி வைத்தால், ருசித்துச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, விடைத்தாள் திருத்தக் கீழே போய்விடுவார். கோபமே இல்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. சண்டை என்று வந்திருந்தால் அம்மாதான் வென்றிருப்பார். எனக்கோ அந்தக் காலம் முழுக்கத் திருவிழா. சனி ஞாயிறுகளில் மாமா எனக்கே சொந்தம்.

பனிக்காலம் வந்தது. ஒருநாள் நெடுஞ்சாலையில் பஸ் நின்றுவிட்டதென்று மாமா புருவமெல்லாம் பனியாக வந்து சேர்ந்தார். அம்மா துவாயை எடுத்து அவருடைய தலையைத் தானே துடைத்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? எத்தினை நாளைக்கு உப்பிடி அலையப்போறாய்?"

"நீ ஓமெண்டால் நாளைக்கே காலிசெய்யிறன், அக்கா."

 அம்மா துவாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"அந்தப் பொம்பிளைக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"தம்பி இருந்தவன், இப்ப வெளிக்கிடுறான், வீடு காலியாகுது எண்டு சொல்லு. உண்மைதானே."

அடுத்தநாள் அம்மா தொலைபேசியை எடுத்து அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். மறுமுனையில் சொன்னதை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மகளோடு வந்தார். அம்மா தானே போய்க் கதவைத் திறந்தார். அந்தப் பெண், குப்பை எடுக்கிறது எந்த நாள் என்று கேட்டார். அம்மா தேத்தண்ணி போட்டார்.

நான் பல்கலைக்கழகம் போகும்வரை அவர்கள் எங்களோடு இருந்தார்கள். என் கலியாணத்தில் அம்மா கட்டிவிட்ட சேலையோடு அந்த அன்ரி அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமா இப்போது பெரிய பேராசிரியர். அவருடைய புத்தகங்களை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் விளங்கியவரைக்கும் வாசித்திருக்கிறேன். ஒன்றிலும் எங்கள் பேஸ்மென்ற் வரவில்லை.

மாமா வெளிக்கிட்ட அன்று நான் கத்தி அழுதேன். அம்மாதான் தன் தம்பியைத் துரத்திவிட்டார் என்று முடிவுகட்டி, அவர் ஊட்டவந்த சோற்றைத் தட்டிவிட்டேன். அம்மா வெட்கப்படாமல் அந்தத் தொலைபேசியை எடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காகவே மாமா அத்தனை குளிரிலும் அலைந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாமா ஏறிய பஸ் திரும்பி மறைந்த பிறகும், சப்பாத்துக்கூடப் போடாமல், அம்மா பனியில் நின்றுகொண்டிருந்தார்.