பின்னுக்கு மிதித்தால் நிற்கும் சைக்கிள்

இந்த ஜெர்மன் ஊரில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் சைக்கிள் நின்றுவிடுகிறது. பின்வீலுக்குப் பிரேக் கட்டையும் இல்லை, கம்பியும் இல்லை. எல்லாம் வீலின் நடுவிலுள்ள கைப்பிடியளவு ஹப்புக்குள் ஒளிந்திருக்கிறது. முதல் தடவை மிதித்துப் பார்த்தபோது மெய்சிலிர்த்துப் போனேன்.

இலங்கையில் நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நான், பதுளையில் காசிம் நானாவின் சைக்கிள் கடையில் ஆறு வருஷம் வேலை செய்தவன். ஒருநாள் அப்புத்தளைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கியர் சைக்கிளில் தனியாக வந்து இறங்கினாள். பின்வீல் பஞ்சர். ஐந்து பல்சக்கரங்கள், கீழே தொங்கும் கியர்க் கை. எங்கே தொடுவதென்றே எங்களுக்குத் தெரியவில்லை.

"கழட்டிட்டா மறுபடி பூட்டிருவியா?" என்று நானா என்னிடம் கிசுகிசுத்தார்.

அவளே செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கினாள். கியர்க் கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, அச்சிலிருந்த பிடியைத் திருப்பினாள். ஸ்பேனரே படாமல் வீல் கையோடு வந்தது. "சுபஹானல்லாஹ்!" என்றார் நானா.

அதையே பார்த்தவன் என்ற தைரியத்தில்தான், பக்கத்து வீட்டு ஹன்னா அம்மையாரின் பஞ்சரான பின்வீலில் இங்கே கைவைத்தேன். அவருக்கு எழுபது வயதிருக்கும். இரண்டு நட்டையும் கழற்றியும் வீல் வரவில்லை. ஹப்பிலிருந்து நீண்ட ஒரு சிறு இரும்புக் கை சட்டத்தோடு பூட்டியிருந்தது. அந்த போல்ட்டையும் கழற்றி, டியூபை ஒட்டி, வீலை மாட்டி, செயினை இழுத்து இறுக்கிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவரைப் பார்க்க அவர் சரிவில் புறப்பட்டார்.

குனிந்து சாமான்களை எடுத்தால், தரையில் அந்த போல்ட். அந்தக் கையைப் பூட்டாவிட்டால் பின்பிரேக் பிடிக்காது!

"ஹால்ட்! ஹால்ட்!" என்று கத்தியபடி ஓடினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக் கையை ஆட்டினார். என் ஜெர்மன் அதோடு தீர்ந்தது.

"அம்மா! எறங்குங்கம்மா! ஐயோ, எறங்குங்க!"

அந்தக் குரலுக்குத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். முன்பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் தரையில் தேய்த்து, வேலிச் செடியில் மோதி நின்றார். ஓடிப்போய் போல்ட்டை நீட்டினேன்.

அவர் திட்டவில்லை. நான் பூட்டி முடிக்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, எதையும் சோதிக்காமல், அதே சைக்கிளில் ஏறி அதே சரிவில் இறங்கினார். என்னை அவ்வளவு நம்பியவர் எந்த நாட்டிலும் இல்லை.

அவர் வளைவைத் தாண்டும்வரை பார்த்து நின்றேன். நின்ற இடத்திலேயே என் வலது கால் இந்த ஊர்க்காரர்போல் பின்னுக்கு மிதித்தது. கைவிரல்கள் மட்டும், பதுளை இறக்கத்தில் போல, இல்லாத பிரேக்கைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தன.