குழாயடியில் ஒரு கியூஆர் கோடு

போன வாரம் ஒரு காளை என்னை முப்பத்தெட்டு முறை தூக்கி எறிந்தது. பயப்படாதீர்கள், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காளை இருந்தது செல்போனுக்குள்ளே.

அவனியாபுரத்துக்காரனுக்கு, அதுவும் இந்த வயதில், இது தேவையா? தேவைப்பட்டது. விஷயம் தண்ணீர்.

எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு. பொங்கல் முடிந்ததிலிருந்து குழாயில் சாக்கடை கலந்துதான் வருகிறது. குடிக்கவே வேண்டாம்... குடத்தை முகர்ந்தாலே தெரிந்துவிடும். சொல்லாத இடமில்லை, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது தேர்தல். ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் வருகிறார் என்றதும் தெருவுக்கே ஒரு தெம்பு. ஓட்டுக் கேட்டு வருகிறவர் கொஞ்ச நேரமாவது நின்றுதானே ஆக வேண்டும்?

அவருக்கு முன்னால் கட்சிக்காரத் தம்பி ஒருவர் வந்தார். பசை வாளியோடு வந்து, குழாயடிச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். கட்டம் கட்டமாகக் கியூஆர் கோடு.

"தம்பி, இந்தத் தண்ணியக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றேன்.

"ஐயா, குறையெல்லாம் இப்ப கேம்லதான். இளைஞர்களுக்காகத் தலைவர் விட்டுருக்காரு. கடைசி லெவலை முடிச்சா அவரே வந்து குறையக் கேப்பாரு. நேரா ஆபீசுக்குப் போயிரும்."

"குறை சொல்லணும்னா நான் ஆட்டத்துல ஜெயிக்கணுமா?"

"ஈஸிதான்யா. மாட்டைப் புடிக்கணும், அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான்! தாளுக்கு நேரே போனைக் காட்டினேன். ஆட்டம் பெயரைக் கேட்டது, கொடுத்தேன். தெருவைக் கேட்டது, கொடுத்தேன். வாடிவாசல் திறந்தது. வெள்ளை வேட்டி கட்டிய வேட்பாளர் பொம்மையை என் கட்டைவிரல் ஓட்ட வேண்டும். திமிலைப் பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். பிடிக்கப் போன ஒவ்வொரு முறையும் பொம்மை பறந்தது. வேட்டி மட்டும் அவிழவே இல்லை. அதில் அக்கறையாக இருந்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாரியம்மாளின் மகள் நந்தினி பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். இதுதான் அவளுக்கு முதல் ஓட்டு.

"தாத்தா, திமிலை விடுங்க. வாலைப் புடிங்க."

"வாலைப் புடிச்சா நம்ம ஊர்ல வெளிய அனுப்பிருவாங்களே பாப்பா!"

"இதுல அதுக்கு டபுள் பாயிண்ட். இதைச் செஞ்சவன் மாட்டையே பாத்ததில்ல போல."

போனை வாங்கினாள். வாலைப் பிடித்தாள். ஆறு லெவலையும் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

பொம்மை கைகூப்பிக்கொண்டு வந்து நின்றது. 'உங்கள் குறை என்ன?' சாலை, குடிநீர், வேலை என்று மூன்று பொத்தான்கள். நான் குடிநீரை அழுத்தினேன். உடனே பொம்மைத் தெருவில் ஒரு குழாய் முளைத்தது. பளிங்கு மாதிரித் தண்ணீர். ஏழு குடம் நிரம்பியது.

"சாக்கடை கலக்குதுன்னு எழுத இடமே இல்லையே பாப்பா?"

"அம்புட்டுத்தான் தாத்தா. முடிஞ்சுருச்சு."

அடியில் ஒரே ஒரு பொத்தான் பாக்கி இருந்தது: 'நன்றி தலைவரே'. குறையைக் கேட்ட மனிதருக்கு நன்றி சொல்வது மரியாதைதானே? அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பெண்கள் காலிக் குடங்களோடு தெருவை மறித்தார்கள். முன்வரிசையில் மாரியம்மாள், ஒரு சொம்பில் குழாய்த் தண்ணீரோடு. வேட்பாளர் அதை ஒரு தடவை முகர்ந்துவிட்டால் போதும், அதுதான் திட்டம். மேலே வேட்பாளர் சிரித்துக்கொண்டே இருந்தார். கீழே இறங்கியவர் அதே பசை வாளித் தம்பி. கையில் இப்போது பெரிய போன்.

"அக்கா, வழிய விடுங்க. இந்தத் தெருவுல குடிநீர்ப் பிரச்சினை முடிஞ்சிருச்சுன்னுல்ல காட்டுது? நன்றி வேற வந்துருக்கு."

"எவன்டா சொன்னது நன்றி?" என்றாள் மாரியம்மாள்.

தம்பி என் பெயரைப் படித்தார். மேலே மைக் கரகரத்தது: "நன்றி சொன்ன பெரியவருக்கு என் வணக்கம்!"

அத்தனை குடங்களும் என் பக்கம் திரும்பின. அந்த இடைவெளி போதுமே... வேன் நழுவிப் போய்விட்டது. சொம்பு மாரியம்மாள் கையிலேயே இருந்தது.

எனக்கு ஆத்திரம். யார்மேல் காட்டுவது? நந்தினிதான் அகப்பட்டாள். "எல்லாம் உங்களை மாதிரிப் பிள்ளைகளைப் புடிக்கத்தானே இந்த வித்தை! நீங்க ஆடுறீங்க, அவங்க ஆட்டுறாங்க."

அவள் கோபப்படவில்லை. "எங்க காலேஜ்ல ஒருத்தரும் இதை ரெண்டாவது தடவை திறக்கல தாத்தா. பொழுதன்னைக்கும் கேம் ஆடுறவங்களுக்கு எது ஏமாத்துன்னு தெரியாதா? எங்களைச் சின்னப் புள்ளைகன்னு நினைச்சுட்டாங்க. உங்களுக்காவது அந்தக் காலத்துல வந்து நின்னு வாக்குறுதி குடுத்தாங்க. எங்களுக்கு பாயிண்ட்டுதான்."

யோசித்துப் பாருங்கள்... முன்பெல்லாம் பொய் சொல்வதற்காவது தெருவில் இறங்கி வந்தார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் என்பதால், அடுத்த தேர்தலில் அதே முகத்தைப் பார்த்துச் சண்டை போட முடிந்தது. பாயிண்ட்டை வைத்துக்கொண்டு யார் சட்டையைப் பிடிப்பது? முதல் ஓட்டுப் போடப் போகிற பெண்ணுக்கு ஏமாறக்கூட ஒரு மனிதர் கிடைக்கவில்லை. பொம்மை கிடைத்திருக்கிறது. இளைஞர்களை நெருங்குகிறார்களாம் — கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

மறுநாள் காலை குழாயடிக்குப் போனேன். தண்ணீர் அதே நிறம். சுவரில் அதே தாள். மாரியம்மாள் காலிக் குடத்தோடு என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அந்தப் போனைக் கொஞ்சம் சாய்ங்க. அதுல வந்த தண்ணியில எனக்கும் ஒரு குடம் புடிச்சுக்கிறேன்."

குழாயடியே சிரித்தது. எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.