காலை ஒன்பது மணிப் படம்

1934-ல் பிரிட்டிஷ் சினிமாவை ஒன்றுவிடாமல் பார்த்த ஆள் என்று வட இங்கிலாந்தின் கீத்லி ஊரில் ஒரே ஒருத்தியைத்தான் சொல்ல முடியும். ஹெட்டி ஆக்ராய்ட். மார்க்கெட் தெரு சினிமாக் கொட்டகையில் தரை துடைப்பவள். பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிற துரைகள்கூட அத்தனை படம் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் அப்படி. கொட்டகையில் ஓடுவதில் இத்தனை பங்கு சொந்த நாட்டுப் படமாக இருக்க வேண்டும் என்று லண்டனில் எழுதிவைத்தார்கள். நல்ல படமாக இருக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். தங்கள் படம் இங்கே ஓட வேண்டுமே என்று அமெரிக்கக் கம்பெனிகள் லண்டனிலேயே ஆள் பிடித்து, பிலிம் அடிக்கு ஒரு பவுண்டு என்று துணி மாதிரி அளந்து, பன்னிரண்டு நாளில் ஒரு படத்தைச் சுருட்டி அனுப்பின. மேனேஜர் டார்டாஃப் அதைக் காலை ஒன்பது மணிக்கு, ஹெட்டி துடைக்கிற நேரத்தில், காலி நாற்காலிகளுக்கு ஓட்டிக் காட்டினார். சாயங்காலம் ஜனம் வந்தால் அமெரிக்கப் படம்.

ஆறு வருஷமாக ஹெட்டி பார்த்தது ஒரே மாடிப்படி, ஒரே சோபா. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். குண்டடிபட்டவன்கூட இலக்கணம் பிசகாமல் பேசிவிட்டுத்தான் சாவான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது படத்தில் வருகிற வேலைக்காரிகளைப் பார்த்துத்தான். ஒரு கோப்பைகூடக் கழுவியறியாத சீமாட்டிகள் மூக்கில் கரியைப் பூசிக்கொண்டு வந்து தடுக்கி விழுந்து சிரிப்புக் காட்டுவார்கள்.

"துணியப் பிழியத் தெரியாத முண்டங்க!" என்று திரையைத் திட்டிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி எழுந்து அடுத்த வரிசைக்குப் போவாள்.

அந்தக் குப்பையில்தான் அவள் மகள் மூரியலும் போய்ச் சேர்ந்தாள். நடிகையாகப் போகிறேன் என்று லண்டனுக்கு ரயிலேறியவள். பேசுகிற வேஷம் கிடைத்திருக்கிறது என்று படத்தின் பெயரோடு கடிதம் போட்டிருந்தாள். என்ன வேஷம் என்று எழுதவில்லை. ஹெட்டி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என் பெண்ணைத் தெருவே பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

"ஐயா, ஒரே ஒரு நாள் சாயங்காலம் போடுங்க" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"ஏம்மா, நம்மூர்ப் படத்தச் சாயங்காலம் போட்டா நாற்காலியப் பேத்து என் தலையில அடிப்பானுங்க. நீ காலையில பாத்துக்க."

"காலையில டிக்கெட்டே குடுக்க மாட்டேங்கிறீங்களே. எங்க தெருவுல எல்லாரும் எப்படிப் பாக்கறது?"

"தொடைக்கிறவங்களத் தவிர ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான், போ."

படம் வந்த செவ்வாய்க்கிழமை காலை, வாளியும் துடைப்பமுமாகப் பதினேழு பெண்கள் வாசலில் நின்றார்கள். டார்டாஃப் வாயைப் பிளந்தார்.

"யாரு இவங்கல்லாம்?"

"தொடைக்கிறவங்க" என்றாள் ஹெட்டி. "நீங்கதான சொன்னீங்க."

பதினேழு பேர் ஓசியில் துடைக்க வந்தால் வேண்டாம் என்கிற ஆளா அவர்? விட்டுவிட்டார்.

அதே மாடிப்படி. அதே சோபா. அரை மணி நேரம் கழித்து மூரியல் வந்தாள். வேலைக்காரி வேஷம். மண்டியிட்டுப் படியைத் தேய்த்தாள். துணியைச் சரியாகத்தான் பிழிந்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி, "அப்பாடா, ஆண்டவா!" என்று முனகிக்கொண்டு, மூக்கைப் புறங்கையால் துடைத்தபடி எழுந்தாள். எழுந்ததும் வாளியில் கால் இடறி விழுந்தாள்.

பக்கத்து வீட்டு நெல்லி சக்டன் தொடையில் தட்டிக் கத்தினாள். "அடியே ஹெட்டி, இது நீதான்டி! அச்சு அசல் நீயேதான்!"

பதினேழு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒருத்தி மனதிலும் வஞ்சகம் இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பிரிட்டிஷ் படத்தில் நிஜமாக ஒன்றைப் பார்த்தாள் ஹெட்டி. அது அவளுடைய இடுப்பு வலி. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

படம் முடிந்ததும் எல்லோரும் அவள் கையைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஒருத்தியும் துடைக்கவில்லை. ஹெட்டி தனியாகக் கடைசி வரிசைவரை துடைத்தாள். ஒவ்வொரு வரிசையிலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், கை இடுப்புக்குப் போகாமல் பார்த்துப் பார்த்து எழுந்தாள்.