கத்திரி முடிவதற்குள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பள்ளியில் கணக்குப் பாடத்தைக்கூட வகுப்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் எடுப்பேன். கோடை விடுமுறை விட்டால் பைத்தியம் பிடிக்காத குறைதான். அந்த வருடம் விடுமுறை முழுவதும் சமையலறை ஜன்னலுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் நடந்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நரி குட்டி போட்டிருந்தது.

செம்பாக்கம் ஏரியைத் தாண்டி உள்ளே வந்தால் கடைசித் தெரு எங்களுடையது. நாங்கள் வீடு கட்டும்போது சுற்றிலும் காலி மனைகள். ஒவ்வொன்றாக வீடாகிவிட்டன. எங்களுக்குப் பின்னால் இருந்த மனையில் மட்டும் சீமைக்கருவேலம் மண்டி, ஒரு மூலையில் பழைய மண்மேடு கிடந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கிருந்து ஊளை கிளம்பும். ஒன்று ஆரம்பிக்கும், ஜோடி சேர்ந்துகொள்ளும், பிறகு தெருநாய்கள் எல்லாம் பதில் சொல்லும். புதிதாகக் குடிவந்தவர்கள் குழந்தையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். என் கணவர் ஊளை கேட்டதும் மோட்டார் போட எழுந்து போவார், அவ்வளவுதான்.

பழகிவிட்டதே தவிர, பிடித்துப்போய்விடவில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கோழி எலும்பைத் தெருவெல்லாம் இறைத்துவிட்டுப் போகும். மாசி மாதத்தில் வாசலில் விட்டிருந்த என் நீல ரப்பர் செருப்பில் ஒன்று காணாமல் போனது. ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான் என்று கணவர் சிரித்தார். நான் நரியைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் சித்திரையில் அந்தப் பெண்நரி, இடது காது கிழிந்தது, வயிறு தொங்க மண்மேட்டுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. சில நாளில் உள்ளிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம் கேட்டது. எத்தனை குட்டி என்று தெரியவில்லை. முள் மறைத்தது.

அந்த மனைக்குச் சொந்தக்காரரிடமிருந்துதான் நாங்களும் மனை வாங்கினோம். தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக் கழனி. இப்போது மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பெருமழையில் தெரு மூழ்கியபோது தன் டிராக்டரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனவர். அவர்தான் ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப்பார்த்துச் சொன்னார்.

"கத்திரி முடிஞ்சதும் பூஜை போடறேன் மேடம். அப்பார்ட்மெண்ட் கட்டப் போறேன்."

கத்திரி வெயில் காலத்தில் மண்ணைத் தோண்டக் கூடாது, மரம் செடி வெட்டக் கூடாது. அதை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மீறமாட்டார்கள். நான் இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை. ஆனாலும் அந்த வருடம் காலண்டரில் கத்திரி ஆரம்பம் என்று பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. அது முடியும்வரை ஜேசிபி வராது. முடிவதற்குள் குட்டிகள் நடக்கப் பழகித் தாயோடு ஏரிப்பக்கம் போய்விட வேண்டும். ஊரெல்லாம் கத்திரி எப்போது முடியும் என்று புலம்பியது. நான் ஒருத்திதான் இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆட்கள் வந்து மனையைச் சுற்றித் தகர வேலி அடித்தார்கள். கம்பம் நட மண்ணைத் தோண்டக் கூடாதே. அதனால் பழைய பெயிண்ட் டப்பாக்களில் கம்பத்தை நிறுத்தி சிமெண்ட் ஊற்றி, டப்பாவோடு வரிசையாக வைத்துத் தகரம் அடித்தார்கள். அடியில் சந்து தெரிந்த இடமெல்லாம் உடைந்த செங்கல்லும் காரையும் கொட்டினார்கள். சாஸ்திரமும் கெடவில்லை, வேலியும் நின்றுவிட்டது. நான்காவது பக்கம் எங்கள் சுவர். காலையில் தகரச் சத்தம் கேட்டதுமே பெரிய நரிகள் இரண்டும் வெளியே பாய்ந்து ஓடியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்தபோது குட்டிகள் உள்ளே, தாய் வெளியே.

ஓடிப்போய் மனைக்காரரைப் பிடித்தேன்.

"எதுக்குண்ணா வேலி?"

"நரி ஓடிடக் கூடாதுல்ல மேடம்." அதைவிட இயல்பான காரியம் உலகத்தில் இல்லை என்பதுபோல் சொன்னார். "கேளம்பாக்கத்துல போட்ட பில்டிங் இன்னா ஆச்சு? அஸ்திவாரத்தோட நின்னு போச்சு. சாரத்துலேர்ந்து வுழுந்த எந்தம்பி இன்னும் கோலு ஊனிக்கினுதான் நடக்கறான். இந்தத் தபா நரி மூஞ்சில முழிச்சிட்டுத்தான் மொதக் கல்லு வைக்கணும். முழிச்சதும் தொறந்து வுட்டுடறேன். ஜேசிபி அப்பறம்தான்."

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று எல்லோரும்தான் சொல்கிறோம். அதற்காக நரியை வேலி போட்டு வைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். தம்பியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. கோபத்தோடு போன நான் அதைக் கேட்டுக் குழம்பிப்போனேன்.

"தாய் வெளியில மாட்டிக்கிச்சுண்ணா. குட்டிங்க மட்டும்தான் உள்ள இருக்கு. ஒரு தகரத்தை மட்டும் கழட்டுங்க."

"வெளில சுத்தறது ஆம்பள மேடம். தாயி குட்டிய வுட்டுட்டுப் போவுமா?"

"காது கிழிஞ்சிருக்கு, நான் தினம் பாக்கறேன்ண்ணா."

"நீங்க கணக்கு டீச்சர் மேடம்," என்று சிரித்தார். "நாங்க இங்கயே பொறந்து வளந்தவங்க. சொம்மா பேஜார் ஆவாதீங்க."

வனத்துறைக்குச் சொல்லிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். "சொல்லு. அவர் மேல கேஸ் ஆகும். டிராக்டர்ல வந்து தூக்கிட்டுப் போனவர் மூஞ்சில நாளைக்கு எப்படி முழிப்ப?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் தாய் பட்டப்பகலில் வந்தது. நரி வெயிலில் வந்து நான் பார்த்ததில்லை. தகரத்தை ஒட்டி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தது, திரும்பியது, மறுபடி நடந்தது. காரைக் குவியலைக் கால்களால் பறித்துப் பார்த்தது. செங்கல் சரிந்து விழுந்ததும் விலகி ஓடிப்போய், சற்று நேரத்தில் திரும்பவும் வந்தது. நான் மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். அதுவும் நடந்தது, நானும் நடந்தேன். சுவருக்கு மேலாக அவித்த முட்டைகளை எறிந்தேன். ஒரு பக்கெட் தண்ணீரை மண்மேட்டின் மேல் வீசினேன். எதுவும் குட்டிகளிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. காலையில் பலமாகக் கேட்ட கீச்சுச் சத்தம் சாயங்காலம் முனகலாகிவிட்டது.

அதற்கும் மறுநாள், பூஜைக்கு முந்தின நாள், மத்தியானம் சத்தமே இல்லை.

நான் ஸ்டோர் ரூமிலிருந்து சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்தேன். பின்சுவரின் அடிவரிசையில், பழைய தண்ணீர்க்குழாய் போன ஓட்டையைச் சுற்றி அடிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கணவர் வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு லுங்கியோடு ஓடி வந்தார். அவர் மேஸ்திரி பக்கத்திலேயே நின்று, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர் அது.

"என்ன பண்ற நீ?"

"கண்ணு தெரியலையா? சுவத்த இடிக்கறேன்."

முகம் சிவக்கக் கத்தினார். யார் வீட்டுச் சுவரை யாருக்காக இடிப்பது, ஊரில் வேறு பைத்தியம் இல்லையா என்றெல்லாம் கேட்டார். நான் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். "இப்படி அடிச்சா மொத்தச் சுவரும் உன் கால் மேல விழும். தள்ளு," என்றார். ஒரு ஹாலோ பிளாக்கை முழுதாகப் பெயர்த்து எடுத்தவர் அவர்தான்.

பொழுது சாய்ந்ததும் முன் கேட்டை விரியத் திறந்து வைத்தோம். தெருவிலிருந்து வந்தால் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக நேரே ஓட்டைக்குப் போகலாம். நாய்கள் வந்துவிடுமே என்று நான் தவித்தேன். கணவர் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தெரு முனைக்குப் போய் நாய்களையெல்லாம் அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு வந்தார். நான் கொல்லை கிரில் கதவுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நரி வரவில்லை. எழுந்து நடந்தால் பயந்து ஓடிவிடும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவே எனக்கு வினையானது. எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அது நின்றிருந்தது. கிழிந்த காது. வாயில் கழுத்தைக் கவ்விய குட்டி, கால்கள் தொங்க. என்னை நேராகப் பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிறகு சந்தில் திரும்பி, ஸ்கூட்டரைத் தாண்டி, கேட் வழியாக வெளியே போய்விட்டது.

நான் காத்திருந்தேன். அது திரும்பி வரவில்லை. கொண்டுபோனது கடைசிக் குட்டியா, முதல் குட்டியா? நான் தூங்கியபோது எத்தனை முறை வந்துபோனது? உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா? ஓட்டையில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. இருக்கிற குட்டிக்குக் கத்தத் தெம்பு இல்லாமலும் இருக்கலாம்.

அதற்குள் மனைக்கு அந்தப் பக்கம் கார் வந்து நின்றது. சுற்றிக்கொண்டு ஓடினேன். மனைக்காரர் பட்டு வேட்டியில், கண்ணை இறுக மூடிக்கொண்டு இறங்கினார். படுக்கையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறார். அவர் மனைவி கையைப் பிடித்து நடத்தி வந்து, ஆட்களிடம் ஒரு தகரத்தை விலக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

"இன்னா, தெரியுதா?"

"ஒண்ணியும் காணோம்யா."

"நல்லாப் பாரு. உள்ளதான் கீது."

கண் மூடியபடி, ஒரு குழந்தையைப்போல முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வரவேண்டும். பாவமாகத்தான் இருந்தது.

"அண்ணா, அது போயிடுச்சு. எங்க சுவத்த உடைச்சு நாங்கதான் வழி விட்டோம்."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. மூடியபடியே கேட்டார்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். காலையில கண்ணு முழிச்சதே அது மூஞ்சிலதான்."

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். திரும்பி, என் முகத்தில் கண்ணைத் திறந்தார். அழுது வீங்கி, தலை கலைந்து, சுண்ணாம்புத் தூளோடு நின்ற என் முகத்தைத் தீபாராதனையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப யோகம் உங்ககிட்ட கீது. மொதக் கல்ல நீங்க வைங்க."

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐயர் நல்ல நேரம் முடியப் போகிறது என்றார். எங்கே வைப்பது என்று கேட்டேன். ஈசானிய மூலை என்று கையைக் காட்டினார். மண்மேடு இருந்த மூலை.

"வைக்கறேன். ஆனா ஜேசிபி வேண்டாம். கையால தோண்டச் சொல்லுங்க. மெதுவா."

முள்ளை வெட்டி ஒதுக்கி, மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நான் குனிந்து பார்த்தேன். வளை திறந்தது. நான் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முடிக்கற்றை, எலும்புத் துண்டுகள், முட்டை ஓடு. குட்டி எதுவும் இல்லை. கையை நீட்டித் துழாவினேன். மிருதுவாக ஏதோ பட்டது. உயிரே போய்விட்டது எனக்கு. இழுத்தேன். என் நீலச் செருப்பு. ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல்தடம்.

எல்லோரும் பார்க்க அங்கேயே உட்கார்ந்து விம்மினேன். மனைக்காரர் மனைவி என் தோளைத் தொட்டு எழுப்பினார். மஞ்சள் தடவிய செங்கல்லைக் கையில் கொடுத்தார்கள். இடது கையில் செருப்பு, வலது கையில் கல். குழியைச் சமன் செய்து மூடிவிட்டார்கள். வளை இருந்த இடமே தெரியவில்லை. அதன் மேல் கல்லை வைத்தேன்.

"நல்லா அழுத்தி வைங்க மேடம்," என்றார் அந்த அம்மா. "ஆடக் கூடாது."

அழுத்தி வைத்தேன்.